வசந்தா பார்த்துக்கொண்ட முத்து

திங்கட்கிழமை வந்தால் லைட்ஹவுஸ் குப்பத்து வசந்தாவுக்கு ஒரு வேலை கூடுதல். மற்ற நாட்களில் அவளுக்கு வேலை குறைச்சல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். இருட்டு பிரியும்போதே கரைக்குப் போய்ப் படகுகளில் மீன் எடுத்து, கூடையோடு ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி, பழவேற்காடு மார்க்கெட்டில் வெயில் தலையைப் பிளக்கும் வரை உட்கார்ந்து விற்று, கேட்பவர்களுக்கு ஆய்ந்தும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைக்கிறவள் அவள். திங்கட்கிழமை இத்தனைக்கும் முன்னால் புருஷனுடைய முத்து மோதிரத்தைக் குளிப்பாட்டியாக வேண்டும்.

குளிப்பாட்டுவதென்றால் ஏனோதானோ இல்லை. முதலில் அரை மூடி எலுமிச்சையால் நன்றாகத் தேய்ப்பாள். மீன் வாடை போக அதை விட்டால் வேறென்ன இருக்கிறது? அவள் கையும் அதில்தான் சுத்தமாகிறது, அவன் கையும் அதில்தான். பிறகு ஆள் கால் படாத நேரத்தில் மொண்டு வந்த கடல் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மோதிரத்தை அதில் போட்டுவைப்பாள். கொஞ்ச நேரம் ஊறியதும் முந்தானையில் துடைத்து, கிழக்குப் பார்க்க நிறுத்தி அவன் விரலில் போட்டுவிடுவாள். திங்கட்கிழமை மட்டுமல்ல, தினமும் அவன் கடலிலிருந்து வந்து மோதிரத்தைக் கழற்றியதும் அது அந்தக் கிண்ணத்துக்குத்தான் போகும். காலை வரை உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும்.

இப்படிச் செய்யும்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. திருப்பாலைவனத்து ஜோசியர் சொன்னதெல்லாம், வெள்ளியில் கட்டி, ஒரு வளர்பிறைத் திங்கட்கிழமையில் பாலில் கழுவிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான். மீதியெல்லாம் வசந்தாவின் சொந்த யோசனை. முத்து கடலில் பிறந்தது, அப்படியானால் உப்புத் தண்ணீர்தானே அதற்குத் தாய் வீடு? பகலெல்லாம் அவன் விரலில் உழைத்துவிட்டு வருகிற பொருள், ராத்திரியாவது பிறந்த வீட்டில் தங்கட்டும் என்று நினைத்தாள். கடலை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்கு இதைவிட நியாயமான யோசனை தோன்றியிருக்க முடியாது. உள்ளூர்க்காரர் யாரிடம் கேட்டிருந்தாலும் சரியென்றுதான் தலையாட்டியிருப்பார்கள்.

முத்து எதற்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்பு ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் ஒரு ஃபைபர் படகு கவிழ்ந்தது. அதில் வசந்தாவின் புருஷன் திருவேங்கடமும் அவனுடைய அத்தை மகன் துளசிங்கமும் இருந்தார்கள். திருவேங்கடம் நீந்திக் கரையேறினான். துளசிங்கம் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். அன்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன்தான் திருவேங்கடம், பதினொரு மாதம் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்றால், சாப்பிட எழுந்தான், வெளியே போக எழுந்தான், மற்றபடி சுவர்தான். சாராயம் இல்லை, சண்டை இல்லை. அடித்துப் போட்டிருந்தால்கூட வசந்தா கத்தித் தீர்த்திருப்பாள். சும்மா கிடக்கிற மனுஷனை என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனாள். கொடுத்த மாத்திரையைத் தின்றுவிட்டு அவன் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தூங்கினான்.

கடைசியில்தான் ஜோசியர். திருவோண நட்சத்திரம், அதற்கு அதிபதி சந்திரன், சந்திரன் கெட்டால் மனசு கெடும், மனசுக்கு முத்துதான் கல் என்று அவர் சொன்னார். ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது கல், சூரியனுக்கு மாணிக்கம், செவ்வாய்க்குப் பவளம் என்று ஆரம்பித்து வரிசையாக அவர் சொல்லிக்கொண்டே போக, வசந்தா முத்தோடு நின்றுகொண்டாள். காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து முத்து வாங்கினாள். மெட்ராஸிலிருந்து தருவித்தது என்று அதை விற்ற ஆள் சொன்னான்.

முத்தைப் போட்ட எட்டாம் நாள் திருவேங்கடம் எழுந்து உட்கார்ந்தான். ஒரு மாதத்தில் தருமலிங்கத்தின் படகில் மறுபடி கடலுக்குப் போனான். குப்பமே ஆச்சரியப்பட்டது. வசந்தா ஆச்சரியப்படவில்லை, பயந்துபோனாள். ஒரு மனுஷனின் உயிர் இத்துனூண்டு உருண்டையில் தொங்குகிறதென்று கண்ணால் பார்த்துவிட்டாளே. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த முத்தைக் காத்தாள். தினமும் காலையில் வாசலில் நின்று அவன், “நான் போவட்டுமா மே?” என்று கேட்பான். “முத்து கீதில்ல, போய்ட்டு வாயா” என்பாள் இவள். மூன்று வருஷமாக இது நடந்தது.

இந்த மாசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கிண்ணத்தின் அடியில் ஏதோ மெல்லிசாகப் படிந்திருப்பதை வசந்தா பார்த்தாள். மீன் செதிலாக்கும் என்று விரலால் எடுத்தாள். செதில் இல்லை. மோதிரத்தைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். முத்தின் ஒரு பக்கம் தோல் உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் பளபளப்பு ஏதுமில்லை, பழைய சுவர் வெள்ளையடிப்பு மாதிரி வறண்டு வெளுத்திருந்தது. விரல் வைத்தால் மாவாக ஒட்டியது. மற்ற பக்கமும் மங்கித்தான் இருந்தது. எத்தனை நாளாக மங்கிக்கொண்டு வந்ததோ, தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

வாசலில் திருவேங்கடம் விரலை நீட்டிக்கொண்டு கிழக்குப் பார்க்க நின்றான். கம்பி தளர்ந்திருக்கிறது, கல் விழுந்துவிடும், பஜாரில் கொடுத்து இறுக்கிக்கொண்டு வருகிறேன் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள். இன்று ஒருநாள் மோதிரம் இல்லாமல் போய்விட்டு வா என்றும் சொல்லிப் பார்த்தாள். அவன் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். தருமலிங்கம் கரையிலிருந்து இரண்டு தடவை குரல் கொடுத்தும் அவன் வெளியே வரவில்லை. படகு அவன் இல்லாமல் கிளம்பிற்று.

பழவேற்காடு பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் ஜைனம்பு, வசந்தாவிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவள். வளையலும் ரிப்பனும்தான் கடையில் விற்பாள் என்றாலும் கல்லைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும். அவளுடைய வாப்பா ஜலீல் மெட்ராஸ் மண்ணடியில் கல் தரகு பார்த்தவர். பர்மாவிலிருந்து கெம்புக் கல்லும் கப்பலில் பவளமும் இந்தத் துறைக்கே வந்து இறங்கிய காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு அந்த வியாபாரம் உண்டாம். ஜலீல் செத்தபோது மகளுக்கு மிஞ்சியது ஒரு பூதக்கண்ணாடிதான். அதை அவள் கல்லாப் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தாள்.

மோதிரத்தைக் கண்ணாடிக்கடியில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள் ஜைனம்பு. பிறகு, இதை எப்படி வைத்திருந்தாய் என்று கேட்டாள். வசந்தாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரு குறையும் வைக்கவில்லையே. எலுமிச்சம்பழத்திலிருந்து கடல் தண்ணீர் வரை ஒன்றுவிடாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

“அடிப்பாவி” என்றாள் ஜைனம்பு. திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. “உங்கம்மா ஏரில கிளிஞ்சல் வாரி சூளைக்குப் போட்டவதானே? கிளிஞ்சல சுட்டா இன்னா வருது?”

“சுண்ணாம்பு.”

“முத்தும் அதே சரக்குதான் வசந்தா. சிப்பி வயித்துல வெங்காயம் கணக்கா தோல் மேல தோலா கட்றது. அதுல வாராவாரம் எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சா இன்னாவும்? தின்னுட்டுது.”

சின்ன வயதில் அம்மாவோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கிளிஞ்சல் வாரியவள் வசந்தா. சுண்ணாம்பில் புளிப்புப் பட்டால் பொங்கும் என்பது அவளுக்குத் தெரியாத விஷயமா? ஆனால் விரலில் கிடந்ததைக் கிளிஞ்சலோடு சேர்த்து நினைக்க அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அதை முத்து என்றுதானே சொல்லிக் கொடுத்தார்கள்.

எலுமிச்சை போகட்டும், கடல் தண்ணீராவது நல்லதுதானே என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றாள் ஜைனம்பு. சிப்பிக்குள் இருக்கும்வரைதான் அதற்குக் கடல் சொந்தம். வெளியே வந்துவிட்டால் உப்பு ஆகாது, வேர்வை ஆகாது, சோப்பு ஆகாது, சென்ட் ஆகாது. நகைகளில் கடைசியாகப் போட்டு முதலில் கழற்ற வேண்டியது முத்து. ஈரம் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துத் தனியாகத் துணியில் சுற்றி வைத்தால் போதும், அதற்கு மேல் அது ஒன்றும் கேட்காது. வாப்பா முத்துக் கோத்து விற்ற வீடுகளில் பேத்தி காலம் வரைக்கும் அந்த மாலைகள் மினுமினுப்பாக இருந்ததுண்டாம்.

“இன்னொண்ணு சொல்றேன், மனசு வுட்றாத” என்றாள். “இது கடல்லயே பொறக்கல. மன்னார் பக்கம் முங்கி எடுத்ததெல்லாம் அந்தக் காலம். இப்ப நம்ம கைக்கு வர்றது எல்லாம் சீனாக்காரன் குளத்துல வளக்கறது. நல்ல தண்ணி. நீ தாய் வீடு தாய் வீடுன்னு உப்புத் தண்ணில போட்டியே, அது உப்பையே பாத்ததில்ல.”

வசந்தா சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிரிப்பு அடங்கியபோது கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்று வருஷம் விடியலில் எழுந்து, கண்ணும் கருத்துமாகத் தன் கையாலேயே அதைச் சாகடித்திருக்கிறாள். யாரையாவது திட்டலாம் என்றால் திட்ட ஆளில்லை.

ஜைனம்பு கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னாள். பேச்சை மாற்றுவதற்காக, உன் நட்சத்திரம் என்ன, உனக்கு என்ன கல் என்று கேட்டாள். இங்கிலீஷ்காரர்களுக்கு நட்சத்திரக் கணக்கெல்லாம் கிடையாது, பிறந்த மாசம் போதும், ஜூன் மாசமென்றால் முத்து என்று ஜைனம்புவின் மகள் ருமானா ஃபோனில் பார்த்துச் சொல்லியிருந்தாளாம். வசந்தாவுக்கு நட்சத்திரமும் தெரியாது, மாசமும் தெரியாது. பெரிய புயலடித்த வருஷத்தில் பிறந்தாள், அவ்வளவுதான். ஆதார் அட்டையில் இருக்கும் தேதி, எழுதிக்கொண்டவர் தன் இஷ்டத்துக்குப் போட்டது. அவளுக்கு என்ன கல் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. அன்று கடையில் உட்கார்ந்திருந்தபோது அது அவளுக்கு வலித்தது.

ஜைனம்பு ஒரு டப்பாவைத் திறந்து முத்து மாதிரி ஒன்றை எடுத்து வைத்தாள். “இது பிளாஸ்டிக். உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன். ஆனா அவருக்குத் தெரியாது. எலுமிச்சம்பழம் போடு, ஆசிட்டு போடு, இதுக்கு ஒண்ணும் ஆகாது. வெச்சுத் தரவா?”

வசந்தா தலையாட்டினாள். பழைய முத்தைக் கிளப்பிவிட்டுப் பசை வைத்து ஜைனம்பு அதை வெள்ளி வளையத்தில் பொருத்தினாள். அசலைவிடப் பளிச்சென்று இருந்தது. உரிந்த முத்தைத் தனியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். காசு வேண்டாம், நாளைக்கு நல்ல வஞ்சிரம் வந்தால் எனக்கு எடுத்துவை என்றாள்.

திரும்பும் ஆட்டோவில் கூட்டமில்லை. பாலத்தின் மேல் காற்று முகத்தில் அடித்தது. மோதிரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வசந்தா கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை எழுந்து இதைக் குளிப்பாட்ட வேண்டும். பிளாஸ்டிக் என்று தெரிந்தே குளிப்பாட்ட வேண்டும். கிழக்குப் பார்க்க நிறுத்திப் போட்டுவிட வேண்டும். தினமும் அவன் கேட்கும்போது, முத்து இருக்கிறதே என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவள் இதுவரை பொய்யென்று நினைத்துச் சொன்னதில்லை. இனிமேல் சொல்ல வேண்டும். அதுவும் அவன் சாகும்வரை அல்லது அவள் சாகும்வரை. நினைக்க நினைக்க முதுகுத்தண்டு வலித்தது. மீன் கூடை சுமந்து வருகிற வலி இல்லை, அது தைலம் தேய்த்தால் போய்விடும்.

வீட்டில் திருவேங்கடம் பாயில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து விரலை நீட்டினான். முகத்தில் ஒரு அவசரம். வசந்தா மோதிரத்தை அவன் விரல் வரைக்கும் கொண்டுபோனாள். அதற்குமேல் கை போகவில்லை.

“இது பிளாஸ்டிக்குயா” என்றாள். “முத்து செத்துப் போச்சு. நான்தான் எலுமிச்சம்பழம் போட்டு அதத் தின்ன வெச்சுட்டேன்.”

காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். உரிந்த உருண்டையை அவன் வாங்கிப் பார்த்தான். கோபித்துக்கொள்ளவில்லை. அதை ஜன்னல் கட்டையில் வைத்தான். பிளாஸ்டிக்கையும் அதன் பக்கத்தில் வைத்தான். பிறகு பாயில் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நாலு வருஷத்துக்கு முன்பு படுத்த அதே மாதிரி, முழங்காலை மடக்கிக்கொண்டு. அதைப் பார்த்ததும் வசந்தாவுக்கு அழுகைகூட வரவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுத் தானும் படுத்துவிட்டாள்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. கரையில் பெண்கள் பேசிக்கொண்டு போகிற குரல் கேட்டது. வசந்தா எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல, எழுந்திருக்க உடம்பில் வலு இல்லை. கூட மீன் எடுக்கப் போகிற கோவிந்தம்மா வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். வெயில் ஏறிற்று. அடுப்பு பற்றவில்லை, வாசல் தெளிக்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு காலை விடிந்ததில்லை. இப்போது வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளைப் பெற்ற பதினாறாம் நாளே மீன் கூடையைத் தூக்கினவள் அவள்.

சுவர்ப் பக்கமிருந்து அசைகிற சத்தம் கேட்டது. திருவேங்கடம் புரண்டு பார்த்தான். பிறகு எழுந்து வந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டான்.

“இன்னா மே, உடம்பு சரியில்லியா?”

“உடம்புக்கு ஒண்ணியும் இல்ல. என்னால முடியலய்யா.”

“இன்னா முடியல?”

“உன்னைத் தூக்கி நிக்க வெக்க முடியல. இத்தினி வருசமா தூக்கிக்கினே கீறேன். கை வுட்டுப்போச்சு.”

சண்டைக் குரலில் அவள் சொல்லியிருந்தால் அவன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். அவள் கண்ணை மூடியபடி, யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். அவன் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துக் கறுப்பு டீ போட்டான். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தான். வசந்தா முகம் சுளிக்காமல் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

“நான் போவட்டுமா மே?”

“எனக்குத் தெரியாதுயா. போனா நீயா போ. பயமா இருந்தா போவாத.”

“பயமாத்தான் கீது” என்றான் திருவேங்கடம். “முத்து இருந்தப்பவும் பயமாத்தான் இருந்திச்சு. நீ போன்னு சொன்னியேன்னு போனேன்.”

வசந்தா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். மூன்று வருஷம் தினமும் நெஞ்சுக்குள் எதை வைத்துக்கொண்டு இவன் படகேறினானோ தெரியவில்லையே என்று நினைத்தாள்.

“எனக்கும்தான் பயம்” என்றாள். “நீ போற அன்னிக்கெல்லாம். மார்க்கெட்டுல உக்காந்துக்கினு காத்து பெருசா அடிச்சா வாந்தி வர்ற மாதிரி ஆவும். யாருகிட்டயும் சொல்லல.”

அவன் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். வசந்தாவுக்குக் கண் சொக்கியது. அவன் வெளியே போனானா, திண்டாடிக்கொண்டு வாசலிலேயே நின்றானா என்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. பகலில் தூங்கி எத்தனை காலமாயிற்றோ, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

எழுந்தபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. கொல்லையில் தட்டுத் தடுமாறி மீன் ஆய்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள். இடுப்புவரை நனைந்த லுங்கியோடு திருவேங்கடம் அருவாமனை முன்னால் குந்தியிருந்தான். பக்கத்தில் வீச்சு வலை ஈரமாகக் கிடந்தது. நாலைந்து மடவை, செதிலெல்லாம் அவன் முழங்கையில். விரல் வெறுமையாக இருந்தது. ஒரு மீனைப் பாதிக்குப் பாதி சிதைத்திருந்தான்.

“கடலுக்குப் போவல மே” என்றான், நிமிராமலே. “முகத்துவாரத்தப் பாத்தாலே கால் நடுங்குது. இனிமே முடியாது. ஏரிலதான் நின்னு வீசினேன். இவ்ளோதான் கெடச்சுது.”

“போதும்” என்றாள் வசந்தா. அவன் கையிலிருந்து மீனை வாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போவாயா என்று கேட்கவில்லை.